இரண்டு புள்ளி வைத்த கால்கள்

செனைடா தக்கூரியின் இடது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முழுதாக இருக்கின்றன. நடுவிரல் பாதி. மற்ற இரண்டும் இல்லை. பெரு நாட்டுத் தலைநகர் லிமாவின் ஓரத்தில் இருக்கும் வில்லா எல் சல்வடோரில், அதுவும் மரப் பட்டறைகள் நிறைந்த எங்கள் பகுதியில், இதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். காலையில் ரொட்டி வாங்க நீளும் கைகளில் எது முழுக் கை, எது குறைக் கை என்று கடைக்காரி கவனிப்பதே இல்லை. நானும் கவனித்தவனில்லை, செனைடாவுக்கு அப்படி ஆகும்வரை. என் தொழில் சாணை பிடிப்பது. அவள் விரல்களை எடுத்த கத்திகளை முந்தின நாள் சாயங்காலம் தீட்டிக் கொடுத்தவன் நான்தான்.

அவள் மலையிலிருந்து, உவாங்காவெலிக்கா பக்கம், பதினேழு வயதில் லிமாவுக்கு வந்தாள். என் கடைக்கு எதிர்வரிசையில் இருந்த பிராவ்லியோவின் நாற்காலிப் பட்டறையில் உப்புத்தாள் தேய்க்கச் சேர்ந்தாள். பெண்களுக்கு அங்கே இருந்த வேலை அது ஒன்றுதான். மூன்று பெண்கள் ஒரு நீளப் பலகையைச் சுற்றி உட்கார்ந்து, இயந்திரத்திலிருந்து வரும் நாற்காலிக் கால்களை நாள் முழுக்கத் தேய்ப்பார்கள். முகமெல்லாம் தூள். மதியச் சூப்பில்கூட மர வாசம் வரும்.

பட்டறையில் மதிப்பான வேலை மோல்டிங் இயந்திரம். இரும்பு மேசை, அதன் நடுவில் நிமிர்ந்து நிற்கும் ஒரு தண்டு, தண்டில் கத்திகள். சுற்றத் தொடங்கினால் கத்தி கண்ணுக்குத் தெரியாது. காற்றில் ஒரு மங்கல் மட்டும் தெரியும். வளைந்த மாதிரிப் பலகை மேல் மரத்தை வைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து, அந்த மங்கலின் ஓரமாகத் தள்ள வேண்டும். நேர்க் கட்டை உள்ளே போய் நாற்காலியின் பின்னங்காலாக வளைந்து வெளியே வரும். அதை ஓட்டுகிறவனை எல்லோரும் வாத்தியாரே என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒரு திங்கட்கிழமை வாத்தியார் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பீர் இன்னும் இறங்கவில்லை என்று அவர் மனைவி சொல்லியனுப்பினாள். அறுபது நாற்காலி அன்று போக வேண்டும். பிராவ்லியோ இயந்திரத்தின் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். செனைடா எழுந்து, முகத்தை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நான் ஓட்டட்டுமா முதலாளி?"

"நீயா? உனக்கு என்ன தெரியும்?"

"ஆறு வருஷமா அந்த ஆள் வெட்டின காலைத்தான் தேய்க்கிறேன். எங்க தப்பு பண்றார்னு என் கைக்குத் தெரியும்."

அன்று அவள் வெட்டிய கால்களில் தேய்ப்பதற்கு அதிக வேலை இருக்கவில்லை. அந்த வாரமே இயந்திரம் அவளுக்கு வந்தது. ஆண்களுக்கு இது பொறுக்கவில்லை. ரம்பம் ஓட்டிய மெல்கோர் என்பவன், அவளைவிட நாலைந்து வயது பெரியவன், தினமும் அவள் வரும்போது தொப்பியைக் கழற்றி வளைந்து கும்பிடுவான்.

"வாத்தியாரம்மா வந்துட்டாங்க. எல்லாரும் எழுந்திரிங்கப்பா."

"உட்காருங்க, உட்காருங்க. வீட்டுப்பாடம் எழுதினவங்க மட்டும் உட்காருங்க" என்பாள் அவள். மெல்கோரும் சிரித்துவிடுவான். பகை என்று சொல்ல முடியாது. மதியம் ஒரே பெஞ்சில்தான் சாப்பிட்டார்கள்.

பதினோரு வருடம் அவள் அந்த இயந்திரத்தை ஓட்டினாள். நடுவில் அப்தோன் என்ற கொத்தனாரைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவின் குறுக்கே வலை கட்டி வாலிபால் ஆடுகிற பெண்களில் அவளும் ஒருத்தி. பந்தை விரல் நுனியால் ஏந்தி, அடிக்கிறவளுக்கு உயர்த்திக் கொடுக்கிற இடம் அவளுடையது. அவள் கொடுத்தால் குருடிகூட அடிப்பாள் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள்.

இயந்திரத்துக்கு ஒரு கவசம் உண்டு. கத்தியைச் சுற்றி மூடுகிற ஒரு இரும்புக் கூண்டு. வாங்கும்போதே கூட வந்தது. வளைந்த கால் வெட்டும்போது அது மரத்தை மறைக்கிறது, நேரமாகிறது என்று பிராவ்லியோ எப்போதோ அதைக் கழற்றிவிட்டார். அது மூலையில் கிடந்தது. அதில் யாரோ அழுக்குத் துணிகளைப் போட்டு வைத்திருந்தார்கள். செனைடா அதை மாட்டச் சொல்லிக் கேட்கவில்லை. பின்னால் அவளே என்னிடம் சொன்னாள்: "எனக்கும் அது தொந்தரவாத்தான் இருந்துச்சு."

டிசம்பர் பதினொன்றாம் தேதி, கிறிஸ்துமஸ் வேலை நெருக்கும் நேரம், காலை பத்து மணிக்குக் கொஞ்சம் மேல். ஒரு கட்டையில் கணு இருந்தது. வெளியே தெரியாத கணு. கத்தி அதில் மாட்டிக் கட்டையைப் பிடுங்கிச் சுவரை நோக்கி எறிந்தது. கட்டையை அழுத்திக்கொண்டிருந்த இடது கைக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் போனது. கை இருந்த விசையில் முன்னால் போனது.

வலியே தெரியவில்லை, கம்பால் அடித்த மாதிரி இருந்தது என்றாள். அவள்தான் வலது கையால் இயந்திரத்தை நிறுத்தினாள். அப்புறம் உப்புத்தாள் பெண்களைப் பார்த்து, "துணி கொடுங்க" என்றாள். மெல்கோர் தன் சட்டையைக் கழற்றிச் சுற்றினான். இன்னொருவன் குனிந்து மரச்சீவலுக்குள் கைவிட்டுத் தேட ஆரம்பித்தான். ரம்பமாக இருந்தால் சில சமயம் விரல் முழுதாகக் கிடைக்கும், பனிக்கட்டியில் போட்டு எடுத்துப் போவார்கள். மோல்டிங் இயந்திரத்தில் கிடைக்காது. அது மரத்தை என்ன செய்கிறதோ அதையேதான் விரலையும் செய்யும். மெல்கோர் அவனைப் பார்த்து, "விட்றா, தேடாத" என்றான்.

நான் சத்தம் கேட்டு வெளியே வந்தபோது பிராவ்லியோ அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார். என்னையும் ஏறச் சொன்னார். மணல் ரோட்டில் ஆட்டோ குதித்துக் குதித்துப் போனது. செனைடா நடுவில், கையை நெஞ்சோடு உயர்த்திப் பிடித்தபடி. முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. பாதி வழியில் பிராவ்லியோ குனிந்து பேசினார்.

"செனைடா, நான் சொல்றத கேளு. அங்க கேப்பாங்க. வீட்டுல கதவு இடுக்குல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடு. நான் உன்னைக் கைவிட மாட்டேன். மருந்து, தையல் எல்லாம் என் பொறுப்பு. உன் பேரு இன்னும் காப்பீட்டுல பதியல, அதான்."

பிராவ்லியோ கெட்ட மனிதர் இல்லை. அவரும் உப்புத்தாள் தேய்த்து மேலே வந்தவர்தான். அவருடைய வலது கட்டைவிரல் நுனியும் சப்பைதான். அவர் குரலில் நிஜமான நடுக்கம் இருந்தது. அது அவளுக்காகவா பட்டறைக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா சட்டையைப் பிரித்துப் பார்த்தார். பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார்.

"எப்படி ஆச்சு?"

பிராவ்லியோ, "வீட்டுல, கதவு..." என்று ஆரம்பித்தார்.

"அவங்கள கேட்டேன்."

செனைடா டாக்டரம்மாவின் பேனாவைப் பார்த்தாள். "மோல்டிங் மெஷின்" என்றாள். "பட்டறையில. கூண்டு மாட்டாம."

டாக்டரம்மா தலையைத் தூக்கவில்லை. "கதவுன்னா இப்படி சீவாது" என்றபடியே எழுதினார். "டிசம்பர் பொறந்து நீங்க ஆறாவது ஆள். மத்த அஞ்சு பேருக்கும் கதவுதான்."

அந்த ஒரு வாக்கியத்தால் நடந்தது இது: தொழிலாளர் துறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், மோல்டிங் இயந்திரத்துக்கு முத்திரை வைத்தார்கள், பின்னங்கால் வெட்ட ஆளும் இல்லை, இயந்திரமும் இல்லை. கிறிஸ்துமஸ் வேலை பக்கத்துப் பட்டறைக்குப் போனது. பிராவ்லியோ ஆட்களை ஜனவரி பாதிவரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்.

செனைடாவின் வீட்டுக்கு முதலில் வந்தவர் பிராவ்லியோ. கையில் பெரிய பெட்டியில் கிறிஸ்துமஸ் கேக். வாசலில் நின்று, "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லும் முன்பே பெட்டியை வைத்துவிட்டுப் போனார். இரண்டாவதாக வந்தவன் மெல்கோர். அவன் வெறுங்கையோடு வந்தான். நான் அப்போது அங்கே இருந்தேன்.

"உன் ரெண்டு விரலுக்காக எட்டு பேர் வயித்துல அடிச்சிட்டியே செனைடா. கதவுன்னு ஒரு வார்த்தை. வாய் என்ன தேஞ்சா போகும்?"

"ரெண்டு இல்லண்ணே. ரெண்டரை. எண்றதாவது சரியா எண்ணு."

"விளையாடறியா? எனக்கு மூணு பிள்ளைங்க."

"தெரியும். உன் சட்டை தோய்ச்சு வெச்சிருக்கேன். கறை முழுசா போகல. எடுத்துட்டு போ."

அவன் சட்டையை வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டான்.

கை ஆறுவதற்கு மூன்று மாதம் ஆனது. இல்லாத சுண்டுவிரல் அரிக்கிறது என்று ராத்திரி எழுந்து உட்காருவாளாம். உருளைக்கிழங்கு உரிப்பதை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டாள். கிழங்கை மேசையில் ஒரு ஆணியில் குத்தி நிறுத்திவிட்டு உரிப்பாள். பின்னல்தான் வரவில்லை. மூன்று பிரி தலைமுடியைப் பிடித்து வைக்க இடது கையில் விரல் போதவில்லை. அப்தோன் பின்னிவிட்டான். சிமென்ட் வேலை பார்த்த தடித்த விரல்கள். பின்னல் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். அவள் அப்படியேதான் சந்தைக்குப் போனாள். "யாரு பின்னினது, கொத்தனாரா?" என்று பெண்கள் சிரிப்பார்கள். "ஆமா, பூச்சு வேலை பாக்கி" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வலைக்கு வந்து பந்தை ஏந்திப் பார்த்தாள். பந்து இடது பக்கமாகச் சரிந்து போய் வேலியில் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை அவள் முயற்சி செய்யவில்லை. ஓரமாகப் போய் நின்று, நடுவராக இருக்கிறேன் என்றாள். மோசமான நடுவர், வலையில் நகம் பட்டால்கூட விசிலடிப்பாள்.

அந்த நாட்களில் ஒருநாள் நான் அவளிடம் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"அந்தக் கத்தி... முந்தின நாள் நான்தான் தீட்டினேன்."

"தெரியும் சாணைக்காரரே. நான்தானே உங்ககிட்ட கொண்டுவந்து கொடுத்தேன்?"

"அதில்ல. கொஞ்சம் மழுங்கலா இருந்திருந்தா..."

"மழுங்கலா இருந்திருந்தா கணு வரைக்கும் காத்திருக்காது, அதுக்கு முன்னாடியே கட்டைய எறிஞ்சிருக்கும். எனக்கு மெஷின் தெரியும். நீங்க ஒழுங்கா தீட்டுங்க." அவள் இதை ஆறுதலாகச் சொல்லவில்லை. தொழில் விஷயமாகச் சொன்னாள்.

மார்ச்சில் வேலைக்குத் திரும்பினாள். இதற்குள் அதிகாரிகள் மறுபடி வந்து, கூண்டு மாட்டியிருப்பதைப் பார்த்து, முத்திரையை எடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் போன மறுவாரம் கூண்டு மூலைக்குப் போனது. இயந்திரத்தில் இப்போது மெல்கோர் நின்றான்.

"என் இடத்த கொடுங்க முதலாளி" என்றாள்.

"வேணாம் செனைடா. உன்னை அதுகிட்ட பார்க்க என்னால முடியாது. உப்புத்தாள் பலகையில உட்காரு. சம்பளம் குறைக்க மாட்டேன்."

அவள் உட்கார்ந்தாள். முன்பு போலவே தேய்த்தாள். ஆனால் நாள் முழுக்க அவள் பார்வை மெல்கோரின் இடது கை மேலேயே இருந்தது. அவன் கத்திக்கு எவ்வளவு அருகில் கையை வைக்கிறான் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "நாலு விரக்கடை" என்றாள் என்னிடம். "சில சமயம் மூணு. நானும் அப்படித்தான் வெச்சிருப்பேன். நமக்கே தெரியாது."

அதன்பிறகு இரண்டு சனிக்கிழமை மதியம் என் கடைப் பின்கட்டில் ஒரு பலகை செய்தாள். நான் பிடித்துக்கொடுத்தேன், அவள் அறுத்தாள். வழக்கமான மாதிரிப் பலகைதான். ஆனால் அகலம் மூன்று மடங்கு. பின்பக்க ஓரத்தில், கத்தியிலிருந்து ஒன்றரைச் சாண் தள்ளி, இரண்டு உயரமான கைப்பிடிகள். கட்டையைக் கையால் அழுத்த வேண்டாம். இரண்டு திருகாணிகளின் கூர்முனை கட்டையின் உட்பக்கத்தில் குத்திப் பிடித்துக்கொள்ளும். இரண்டு கையும் கைப்பிடியில் இருக்கும். கட்டையே பறந்தாலும் கை அங்கேயேதான் இருக்கும்.

திங்கட்கிழமை அதைக் கொண்டுபோய் மெல்கோரின் இயந்திரத்தின் மேல் வைத்தாள். அவன் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

"என்ன இது, பிள்ளைங்க ஓட்டற வண்டியா?"

"ஓட்டிப் பாரு."

"ஒவ்வொரு காலுக்கும் திருகாணி முடுக்கி, அவுத்து... நாளைக்கு இருபது கால் குறையும். அதுக்கும் நான்தான் பேச்சு வாங்கணும்."

அவன் அதைச் சுவரில் சாய்த்து வைத்தான். அடுத்த நாள் அதன் மேல் ரேடியோ உட்கார்ந்திருந்தது.

செனைடா மூன்று நாள் வந்த கால்களையெல்லாம் தேய்த்தாள். நாலாவது நாள், மெல்கோர் வெட்டிய கால்கள் கூடையில் வந்தபோது, முதல் காலை எடுத்து உட்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடையிலேயே போட்டாள். இரண்டாவதையும். முழுக் கூடையையும் பார்த்துவிட்டுக் காலால் தள்ளினாள்.

"புள்ளி இல்ல" என்றாள்.

"என்ன புள்ளி?"

"அந்தப் பலகையில வெட்டினா உட்பக்கம் ரெண்டு புள்ளி விழும், திருகாணி குத்தினது. புள்ளி இல்லாத கால நான் தேய்க்க மாட்டேன்."

"புள்ளி விழுந்தா அதை அடைக்கற வேலையும் உனக்குத்தான்."

"அடைக்கிறேன்."

மெல்கோர் சிரித்தான். பக்கத்திலிருந்த இரண்டு பெண்களைப் பார்த்தான். அவர்கள் செனைடாவுக்கு வேண்டியவர்கள் என்று சொல்ல முடியாது. ஜனவரி பாதிவரை அவர்களும் வீட்டில் பட்டினியாக இருந்தவர்கள்தான். ஆனால் அன்று அவள் துணி கேட்டதும் அவர்களிடம்தான். மூத்தவள் கையிலிருந்த உப்புத்தாளை மடித்துப் பையில் வைத்தாள். இளையவள் அவளைப் பார்த்துவிட்டுத் தானும் வைத்தாள்.

பிராவ்லியோ மாடியிலிருந்து இறங்கி வந்தார். உப்புத்தாள் சத்தம் நின்றுவிட்டது அவருக்கு மேலேயே தெரிந்திருக்கிறது. கூடைகள் நிறைந்து கிடந்தன. மறுநாள் காலை லாரி வரும்.

"என்ன செனைடா இது? மறுபடியும் ஆரம்பிக்கிறியா?"

"தேய்க்கறதுக்குத்தான் உட்கார்ந்திருக்கேன் முதலாளி. புள்ளி வெச்ச காலா கொடுங்க."

"இருபது கால் குறையுமாமே?"

"பதினாலு. நான் கணக்கு போட்டேன். பழகினா பத்து. டிசம்பர்ல எத்தனை கால் குறைஞ்சுது?"

பிராவ்லியோ பெண்களைப் பார்த்தார், கூடைகளைப் பார்த்தார். அரை நாள் அப்படியே போனது. யாரும் கத்தவில்லை. மதியம் எல்லோரும் அதே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் பிராவ்லியோ ரேடியோவை எடுத்து ஜன்னலில் வைத்தார். பலகையைத் தூசி தட்டி மெல்கோர் முன்னால் போட்டார்.

"ஓட்டுப்பா. இன்னிக்கு மட்டும்."

அந்த 'இன்னிக்கு மட்டும்' ஐந்து மாதம் நீண்டது. மெல்கோர் முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினான். செனைடா பட்டறைக்கு வந்ததும் ஒவ்வொரு காலையும் திருப்பிப் பார்ப்பாள். சில நாள் அவன் பலகையில்லாமல் வெட்டிவிட்டு ஆணியால் இரண்டு புள்ளி குத்தி அனுப்புவான். அவள் ஆள்காட்டி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது ஆணி" என்று திருப்பி அனுப்புவாள். திருகாணிக் குழியில் ஓரம் சுழன்றிருக்குமாம். எனக்குக் காட்டினாள், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஆகஸ்டில், தூறல் நாட்களில், ஈரம் காயாத ஒரு லாரி மரம் வந்தது. ஒரு பிற்பகல் பட்டறையிலிருந்து துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். நான் ஓடினேன். மெல்கோர் இயந்திரத்தின் முன்னால் இரண்டு கையையும் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான். பத்து விரலும் இருந்தன. கட்டை இரண்டாகப் பிளந்து ஒரு பாதி கூரைத் தகரத்தில் குத்தி நின்றது. பலகையின் ஓரத்தைக் கத்தி ஒரு கடி கடித்திருந்தது. ஒரு கைப்பிடி முறிந்து அவன் காலடியில் கிடந்தது.

யாரோ இயந்திரத்தை நிறுத்தினார்கள். செனைடா எழுந்து வரவில்லை. தேய்த்துக்கொண்டிருந்த காலைத் தேய்த்து முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

மெல்கோர் அன்று சீக்கிரமே வீட்டுக்குப் போனான். மறுநாள் காலை முறிந்த கைப்பிடியோடு உப்புத்தாள் பலகைக்கு வந்தான்.

"இதுக்கு ஒரு பிடி வேணும்" என்றான்.

"எந்த மரத்துல?"

"நீயே பாரு. முறியாததா."

"முறியறதுதான் நல்லது. முறிஞ்சதாலதான் உன் மணிக்கட்டு முறியல."

அவன் கைப்பிடியை அவள் முன்னால் வைத்தான். "அந்தச் சட்டை இன்னும் இருக்கா?" என்று கேட்டான்.

"தரை துடைக்கிறேன் அதால."

"பரவாயில்ல" என்றான்.

அந்த வருடமும் அடுத்த வருடமுமாகப் பக்கத்துப் பட்டறைகளுக்கு ஒன்பது பலகை செய்துகொடுத்தாள். ஐந்து பட்டறைகளில் ஓட்டுகிறார்கள். மூன்றில் அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் எடுத்து இயந்திரத்தின் மேல் வைப்பார்கள். ஒரு பட்டறையில் அதைச் சுவரில் மாட்டி, கைப்பிடிகளில் தொப்பியும் ஈரத் துண்டும் தொங்கவிட்டிருக்கிறார்கள். அவள் அங்கேயும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். என் கடைக்கு மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது இன்னும் கையில் கட்டோடு வருகிறார்கள்.

மெல்கோர் இரண்டு வருடம் கழித்துத் அரெகிப்பா ஊரில் இருந்த தன் தம்பியின் பட்டறைக்குப் போனான். போகும்போது பிராவ்லியோவிடம், "அந்த மெஷினுக்கு வேற ஆள் தேடாதீங்க" என்று மட்டும் சொன்னானாம். பிராவ்லியோ இரண்டு வாரம் வேறு ஆள் தேடினார். அப்புறம் ஒரு புதன்கிழமை காலை செனைடாவிடம் வந்து, மூலையில் கிடந்த கூண்டைக் காட்டி, "இதையும் மாட்டிக்கிட்டா விடுறேன்" என்றார்.

"பலகையும் கூண்டும் சேர்ந்தா கால் இன்னும் குறையுமே முதலாளி."

"குறையட்டும்."

கத்திகளை அவளே என்னிடம் கொண்டுவந்தாள். நான் தீட்டும்வரை பக்கத்தில் நின்றாள். மாட்டிக்கொடுக்க நானும் கூடப் போனேன். அப்தோன் அன்று பின்னலை இறுக்கித் தலையைச் சுற்றிக் கட்டி அனுப்பியிருந்தான்.

இயந்திரத்தைப் போட்டாள். சத்தம் ஏறி நிலைக்கு வந்தது. அவள் கைப்பிடிகளைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். பிறகு இயந்திரத்தை நிறுத்தினாள். வெளியே போனாள். மணலில் குனிந்து வாந்தி எடுப்பது தெரிந்தது. யாரும் பின்னால் போகவில்லை. உப்புத்தாள் பெண்களில் மூத்தவள் மட்டும் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுபோய் வாசல்படியில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

செனைடா வாய் கொப்பளித்துவிட்டு உள்ளே வந்தாள். "சரி, கட்டைய எடுங்க" என்றாள்.

அன்று முப்பத்தெட்டு கால் வெட்டினாள். பழைய நாளில் அது அவளுக்குக் காலைப் பொழுதின் வேலை. மறுநாள் ஐம்பது. இப்போதும் அங்கேதான் இருக்கிறாள்.